ஸ்கிபோ கோட்டையும் எங்கள் காலனிப் படிப்பகமும்

ஸ்கிபோ கோட்டையை மரங்களுக்கு இடையில் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். உள்ளே போகவில்லை, போகவும் முடியாது. ஸ்காட்லாந்தின் வடக்கே டார்னாக் என்று ஒரு சின்ன ஊர். அதற்கு நாலு மைல் மேற்கே, கடல் நிலத்துக்குள் நீண்டு வந்திருக்கும் இடத்தைப் பார்த்தபடி நிற்கிற மாளிகை அது. இன்றைக்கு உலகப் பணக்காரர்களின் சொகுசு விடுதி. சாதாரண ஓட்டல் இல்லை, கிளப். உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும்தான் அறை. கையில் காசு இருக்கிறது என்பதற்காக வாசலில் போய் நின்று ரூம் கேட்க முடியாது. 2000 டிசம்பரில் பாடகி மடோனாவின் திருமணம் அங்கேதான் நடந்தது.

இப்படிப்பட்ட இடத்தைப் பார்க்க ஒரு நாள் முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் போனாயா என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சமூகப் பணியாளர்களுக்கான மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காக எடின்பரோ போயிருந்தேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் வட்டாரத்திலுள்ள ஒரு நூற்பாலையின் மேலாளர் போன் செய்தார். எங்கள் காலனியிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த மில்லுக்குத்தான் போகிறார்கள். விடியற்காலையில் மில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், இரவு எட்டரைக்குக் கொண்டுவந்து விடும். ஓவர்டைம் கணக்கில் வரவில்லை, பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் எங்கே கட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. இதையெல்லாம் எழுதித் தொழிலாளர் துறைக்கு மனு தயார் செய்துகொண்டிருந்தோம்.

மேலாளர் சொன்னார்: “மேடம், உங்க காலனிப் பிள்ளைங்க படிக்க இடமில்லாம தெருவிளக்குல உக்காந்திருக்குன்னு முதலாளி கேள்விப்பட்டாரு. ஒரு படிப்பகம் கட்டித் தரணும்னு மனசு வச்சிருக்காரு. இந்த நேரத்துல மனு கினுன்னு போய்க்கிட்டு...”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுத்துவிட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். இரவில் பிள்ளைகள் படிக்க ஒரு இடம் என்பது எங்களுக்குப் பத்து வருடக் கனவு. அந்தப் போனை வைத்ததிலிருந்து எனக்குக் கார்னகி ஞாபகமாகவே இருந்தது.

ஸ்கிபோவை இன்று இருக்கிற மாளிகையாக ஆக்கியவர் ஆண்ட்ரூ கார்னகி, அமெரிக்காவின் எஃகு ராஜா. பிறந்தது ஸ்காட்லாந்திலேயே, டன்ஃபர்ம்லின் என்ற நெசவாளர் ஊரில். அப்பா கைத்தறி நெசவாளி. நீராவித் தறி வந்து கைத்தறியைச் சாப்பிட்டுவிட்டது. 1848-இல் குடும்பம் கடன் வாங்கிக் கப்பலேறியது. அமெரிக்காவில் பையனுக்குப் பஞ்சாலையில் கண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை, வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். ஆமாம், கார்னகியும் மில்லுக்குப் போன பிள்ளைதான்.

டன்ஃபர்ம்லினில் பிட்டன்கிரீஃப் என்று ஒரு ஜமீன் தோட்டம் உண்டு. வருடத்தில் ஒரு நாள் ஊர் மக்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஆனால் கார்னகியின் தாய்வழிக் குடும்பத்துக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. தாத்தாவும் மாமாவும் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள், உரிமை கேட்டுக் கலகம் செய்கிறவர்கள் என்பதால் அந்தக் குடும்பத்துக்கே தடை. ஊரே உள்ளே போகும்போது மதிலுக்கு வெளியே நின்ற பையன் அவர். 1902-இல் அதே தோட்டத்தை விலைக்கு வாங்கினார். மறுவருடம் ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம்மில் யாருக்குத்தான் கலங்காது?

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆண்டர்சன் என்ற கர்னல் தன் சொந்த நூலகத்தை வேலை செய்யும் பையன்களுக்காகச் சனிக்கிழமைகளில் திறந்துவைத்திருந்தார். பின்னால் நூலகப் பொறுப்பாளர், தொழில் பழகும் பையன்களுக்கு மட்டும்தான் இலவசம், மற்றவர்கள் வருடம் 2 டாலர் கட்ட வேண்டும் என்று விதி போட்டார். கார்னகி அப்போது தந்தி அலுவலகத்தில் வேலை செய்த பையன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். “உழைக்கும் பையன்” என்று கையெழுத்து. பதிலுக்குப் பதில் என்று விவகாரம் போய், விதியை மாற்ற வைத்தார். கார்னகியின் முதல் நூலகப் போராட்டம் இது. உலகமெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டிக்கொடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். தன் நூலகத்தை மட்டும் அவர் கடிதம் எழுதித்தான் வாங்கினார்.

அவருடைய ஆலைகளில் வேலை செய்தவர்களும் எழுதிப் பார்த்தார்கள். 1886-இல் தொழிற்சங்கம் வைப்பது தொழிலாளர் உரிமை என்று கார்னகியே பத்திரிகையில் கட்டுரை எழுதியவர். ஆறு வருடம் கழித்து, பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஆலையில் சங்கத்தை உடைத்துக் கூலியைக் குறைக்கும் வேலையைத் தன் கூட்டாளி ஹென்றி ஃப்ரிக்கிடம் ஒப்படைத்துவிட்டுக் கோடைக்கு ஸ்காட்லாந்து வந்துவிட்டார். ஃப்ரிக் ஆலையைப் பூட்டினார். 1892 ஜூலை 6 விடியற்காலை, 300 பிங்கர்ட்டன் கூலிக் காவலர்களைப் படகுகளில் ஏற்றி ஆற்று வழியாக அனுப்பினார். துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் குறைந்தது 10 பேர் செத்தார்கள். அப்புறம் மாநிலப் படை வந்து இறங்கியது. சங்கம் உடைந்தது. அமெரிக்க எஃகுத் தொழிலில் அது எழுந்து நிற்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 12 மணி நேர வேலை தொடர்ந்தது. முதலாளி அந்த நேரத்தில் ஸ்காட்லாந்தின் ஏரிக்கரை மாளிகை ஒன்றில் இருந்தார்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். 1898-இல் இரண்டு காரியம் நடக்கிறது. அதே ஹோம்ஸ்டெட்டில், குன்றின்மேல், கார்னகியின் நூலகம் திறக்கப்படுகிறது. அதே வருடம் 85,000 பவுண்டு கொடுத்து ஸ்கிபோவை விலைக்கு வாங்குகிறார். பழைய மாளிகையைச் சுற்றிக் கோபுரமும் கூடங்களுமாகப் பெரிதாக்கிக் கட்டினார். கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல்குளம், கோல்ஃப் மைதானம். காலையில் பைப் வாத்தியக்காரர் மாளிகையைச் சுற்றி வாசித்து விருந்தினர்களை எழுப்புவார். சாப்பாட்டு மேசைக்கு வந்தால் ஆர்கன் இசை. கொடிக்கம்பத்தில் ஒரு பக்கம் பிரிட்டிஷ் கொடியும் மறுபக்கம் அமெரிக்கக் கொடியுமாகச் சேர்த்துத் தைத்த கொடி. 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எம்.ஏ. படிக்கும்போது மார்கரெட் பையிங்டன் எழுதிய ஹோம்ஸ்டெட் ஆய்வைப் படித்தேன். 1910-இல் வந்த நூல். நம்மைப் போல வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த ஒரு பெண். வாரத்துக்கு எவ்வளவு கூலி, வாடகைக்கு எவ்வளவு, ரொட்டிக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு என்று அடுப்படியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சமூகவியல் மாணவர்கள் கோட்பாட்டு நூல்களுக்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதில் நூலகத்தைப் பற்றித் தொழிலாளர்களுடைய ஆதங்கமும் பதிவாகியிருக்கிறது. கூலியைக் குறைக்காமல் இருந்திருந்தால் அந்தக் காசை நாங்களே செலவு செய்துகொள்வோமே, பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறவனுக்கு நூலகம் எதற்கு என்பதுதான் அது.

கார்னகியிடம் இதற்குப் பதில் தயாராக இருந்தது. 1889-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார். செல்வந்தன் தன் செல்வத்துக்குச் சொந்தக்காரன் இல்லை, ஏழைகளின் சார்பில் அதை நிர்வகிக்கிற பொறுப்பாளன். கூலியாகச் சில்லறையாய்ப் பிரித்துக் கொடுத்தால் வீணாகிவிடும், அவனே சேர்த்து வைத்து நல்ல காரியத்துக்குக் கொடுப்பதுதான் சிறந்தது என்பது வாதம். எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? காந்தியாரின் தர்மகர்த்தா முறை இதே சாயல்தான். 1945-இல் வந்த “காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன” நூலில் புரட்சியாளர் அம்பேத்கர் அதை மிகக் கேலிக்குரியது என்று எழுதினார்.

ஆனால் நாம் சுலபமாகத் தப்பித்துவிடவும் முடியாது. அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தது பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான். என் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பணக்காரக் குடும்பம் வைத்த அறக்கட்டளையிலிருந்து. அந்தக் காசு யாருடைய ஓவர்டைம் என்று நான் விசாரித்ததில்லை.

ஸ்கிபோவுக்கு வந்த விருந்தினர்களில் ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமையாகப் பிறந்து டஸ்கிகீ கல்வி நிறுவனத்தை உருவாக்கிய புக்கர் டி. வாஷிங்டன், 1910-இல் அங்கே கார்னகியின் விருந்தினராகத் தங்கினார். டஸ்கிகீக்கு 1903-இல் 6 லட்சம் டாலர் கொடுத்தவர் கார்னகி. கறுப்பின மக்களின் தலைவர் ஒருவர் அந்த மாளிகையில் விருந்தாளி என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. ஒன்பது வருடம் முன்பு அவர் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியோடு சாப்பிட்டதற்கு அமெரிக்காவின் தென்மாநிலங்களே கொந்தளித்தன.

ஆனால் அதே வாஷிங்டன் அட்லாண்டா நகரத்தில் கார்னகி கட்டிக்கொடுத்த நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்திருக்க முடியாது. 1902-இல் திறந்தபோதே அது வெள்ளையர்களுக்கு மட்டும். டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் சிலரை அழைத்துக்கொண்டு நிர்வாகக் குழுவிடம் போய்க் கேட்டார். கறுப்பினத்தவர்களுக்கென்று தனிக் கிளை திறக்க 1921 ஆயிற்று. கொடுத்த வள்ளல் மாளிகையில் சாப்பிடலாம், அவர் கொடுத்த நூலகத்தில் உட்கார முடியாது. இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். இன்வர்னஸ் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். டார்னாக்கில் ஒரு வீட்டில் இரவு தங்கினேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காலையில் கஞ்சி வைத்துக்கொண்டே, “கோட்டைக்கா போறே? உள்ளே விடமாட்டாங்க. ஆனா நிலத்துல நடக்கலாம், யாரும் தடுக்க முடியாது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. எஸ்டேட் தனியாருடையதுதானே?

“ஆமா, தனியாருடையதுதான். நடக்கறது நம்ம உரிமை.”

2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்று போட்டது. அதன்படி தனியார் காடு, மலை, மேய்ச்சல் நிலம் எதிலும் பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் நடந்து போகலாம். வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு. வீடும் அதை ஒட்டி அவர்களின் அந்தரங்கத்துக்குத் தேவையான அளவு தோட்டமும் விலக்கு. பயிர் இருக்கிற வயலில் மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான். பணக்காரர்கள் சும்மா விடவில்லை. பெர்த் அருகே கின்ஃபான்ஸ் கோட்டையின் உரிமையாளர் வழக்குப் போட்டு, 2007-இல் தோட்டத்தில் பல ஏக்கரை விலக்கு என்று தீர்ப்பு வாங்கினார். ஆனாலும் சட்டம் நிற்கிறது.

இதை வைத்து ஸ்காட்லாந்து சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி 500-க்கும் குறைவான உரிமையாளர்களிடம் இருக்கிறது. ஸ்கிபோ இருக்கிற ஸதர்லாந்து வட்டாரத்தில்தான் இருநூறு வருடம் முன்பு ஆயிரக்கணக்கான குடியானவர்களை ஆட்டுப் பண்ணைக்காகக் குடிசையோடு கிளப்பிவிட்டார்கள். அதைச் செய்த பிரபுவுக்கு டார்னாக்குக்கு வடக்கே ஒரு மலையுச்சியில் பிரம்மாண்டமான சிலை இருக்கிறது. நன்றியுள்ள குடியானவர்கள் எழுப்பியது என்று அதன் கீழே கல்வெட்டு! நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு நன்றி சொல்லும் கல்வெட்டு உலகம் முழுக்க ஒரே மொழியில்தான் எழுதப்படுகிறது போலிருக்கிறது.

கிளாஷ்மோர் என்ற சிற்றூரிலிருந்து நடந்தேன். எஸ்டேட் எல்லை வந்தது. பெரிய மரங்கள், நடுவில் ஒரு மண்பாதை. அங்கே என் கால் நின்றுவிட்டது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் மேலத்தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். தெருமுனை வந்ததும் இறங்கிவிடுவார். என்னையும் இறக்கிவிடுவார். தெரு முடிகிற வரைக்கும் சைக்கிளை உருட்டுவார், நான் பக்கத்தில் நடப்பேன். மறுமுனையில் மறுபடி ஏறிக்கொள்வோம். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. சட்டப்படி 1955-லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போனது தொண்ணூறுகளில். எனக்குச் சட்டம் தெரியும், பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஆனாலும் ஆறாயிரம் மைல் தாண்டி ஒரு மண்பாதையின் முனையில் என் கால்கள் அப்பாவின் கால்கள் மாதிரி நின்றன.

பின்னாலிருந்து ஒரு கிழவரும் கிழவியும் நாயோடு வந்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டு அந்தப் பாதையில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். பிறகு அவர்களைத் தாண்டியும் போனேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். மரங்களுக்கிடையில் கோட்டை தெரிந்தது. வெளிறிய கல், கோபுரங்கள். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எஸ்டேட் ஆள் ஒருவர் வண்டியில் எதிரே வந்தார். என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது. அவர் வேகத்தைக் குறைத்து, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

1914-இல் உலகப்போர் மூண்டதும் கார்னகி ஸ்கிபோவை விட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. 1919-இல் அமெரிக்காவில் இறந்தார். கோட்டை மகளுடைய குடும்பத்திடம் 1980-கள் வரை இருந்தது. பிறகு கைமாறி, 1990-களில் அவர் பெயரிலேயே கிளப் ஆயிற்று. தோட்டத்துக்குள் விடாததால் புண்பட்ட பையனுடைய வீடு இன்று அழைப்பில்லாதவர்கள் நுழைய முடியாத வீடு. இதை அவர் விரும்பியிருப்பாரா என்று அந்தக் காட்டில் யோசித்துக்கொண்டு நடந்தேன். விரும்பினாரோ இல்லையோ, வீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பாதையை மட்டும் அவர்களால் மூட முடியாது.

டார்னாக் திரும்பியதும் கடைத்தெருவில் கார்னகி பணத்தில் கட்டிய நூலகத்தைப் பார்த்தேன். சின்னக் கட்டடம். கார்னகியின் வழக்கமான நிபந்தனை ஒன்று உண்டு, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குத்தான் அவர் பணம். இடம் ஊர் கொடுக்க வேண்டும், வருடா வருடம் நடத்துகிற செலவை வரியிலிருந்து ஊர் ஒதுக்க வேண்டும். அதனால்தான் பல நூலகங்கள் அவர் போன பிறகும் பிழைத்தன. நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு வரி கட்டுகிறோமே, அது 1948-ஆம் வருடச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வந்தது. எங்கள் காலனியில் ஓலைவீட்டுக்காரரும் ரசீது வைத்திருக்கிறார். கிளை நூலகம் மேலத்தெருவில், மாலை ஆறரைக்குப் பூட்டிவிடுகிறார்கள்.

ஊருக்கு வந்ததும் காலனிப் பெண்களைக் கூட்டி, மேலாளர் பேசியதைச் சொன்னேன். கார்னகி கதையையும் சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை. கட்டடத்தை வாங்கக் கூடாது என்று இளைஞர்கள், பிள்ளைகள் கதி என்ன என்று தாய்மார்கள். கடைசியில் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “குடுக்கிறத வாங்கிக்கடி. மனுவையும் குடு. எது நிக்குதுன்னு பாப்போம்” என்றார்.

இரண்டையும் செய்தோம். இடம் எங்கள் சங்கத்துப் பெயரில் இருந்தது. மில்லிலிருந்து கொத்தனார் வந்து சுவர் எழுப்பினார். தொழிலாளர் துறையிலிருந்து மில்லுக்கு நோட்டீஸ் போன வாரம், லிண்டல் மட்டத்தோடு வேலை நின்றது. மேலாளர் அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. மனு மூன்று விசாரணை கண்டிருக்கிறது, நாலாவது வாய்தா அடுத்த மாதம்.

சுவரை உயர்த்தவில்லை. வீட்டுக்கு நூறு, இருநூறு என்று வசூல் செய்து அந்த மட்டத்திலேயே தகரம் போட்டோம். பலகையில் யார் பெயரும் எழுதவில்லை, நேரம் மட்டும் எழுதியிருக்கிறோம்: மாலை 5 முதல் இரவு 10.30 வரை. எட்டரைக்கு மில் வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமே. சாவி அவர்களில் ஒருத்தியிடம், பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போகிறவளிடம் இருக்கிறது. மழை வந்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை என்கிறாள். ஐப்பசிக்குள் உள்ளே தட்டி கட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.